விரிசலுக்கு ஒரு மின் இணைப்பு

விரிசலை முதலில் பார்த்தவள் வாத்து மேய்க்கிற ஒரு பெண். மழை விட்ட ஒரு காலையில் வாத்துகளை ஏரிக்குள் இறக்கிவிட்டுக் கரையேறும்போது, மேல்தடத்தில் ஒரு கோடு நீளமாக ஓடுவதைக் கண்டாள். கையிலிருந்த கோலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பாதிக் கோல் போய்விட்டது. வாத்துகளை அப்படியே விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் நடந்து, கரைக் கண்காணிப்புத் துறை அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவளை உட்காரவைத்தார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அவள் பார்த்தது செல்லாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

இதில் துறையைக் குறை சொல்ல முடியாது. வெறுங்கண்ணால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் துறையின் கேமரா எடுத்து, துறையின் கணினி வழியாக வந்துசேரும் படம்தான் விரிசலுக்குச் சான்று என்று முன்பே விதி போட்டிருந்தார்கள். கரைக்குக் கீழே நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. எல்லாம் செங்கல் சூளைக் குடும்பங்கள். அந்த மனைகளைக் கொடுத்ததும் இதே துறைதான். உத்தரவு இல்லாமல் வீட்டைக் காலி செய்கிறவர்கள் மனையைத் திருப்பி ஒப்படைத்ததாகக் கருதப்படுவார்கள் என்பது இன்னொரு விதி. ஆகவே படம் வந்தால்தான் உத்தரவு. உத்தரவு வந்தால்தான் அவர்கள் மேட்டுக்குப் போகலாம்.

படம் எடுக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் இருபது வருஷம் சொந்தமாக ஸ்டுடியோ நடத்தியவர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஆள் வராமல் போக, கடையை மூடிவிட்டுத் துறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தார். யார் அதட்டினாலும் உடனே 'சரிங்க சார்' என்று சொல்லிவிடுகிற சுபாவம். ஊரில் உள்ளவர்களையெல்லாம் 'கொஞ்சம் சிரிங்க' என்று கெஞ்சியே பிழைத்ததில் வந்த பழக்கம் அது. துறையில் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

படக்காரரிடம் ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு மடிக்கணினி, படத்தை அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டி, மூன்று முள் பிளக் வைத்த நீள வயர் ஒன்று, எல்லாவற்றையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர் கரைமேல் முக்காலியை நிறுத்தினார். கேமராவை விரிசலை நோக்கித் திருப்பினார். பிறகு பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல், மேலே வானம். கடைசி மின்கம்பம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது.

"என்னண்ணே தேடுறீங்க?" என்று வாத்துக்காரி கேட்டாள்.

"பிளக் பாயிண்ட்மா."

அவள் ஏரியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, "இங்க மீனுதாண்ணே இருக்கு" என்றாள்.

மடிக்கணினியில் இரண்டு மணி நேரத்துக்குச் சார்ஜ் இருந்தது. திறந்ததும் அது, தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும் தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. படக்காரர் அணைக்கவில்லை. ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் கழித்துத் தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் அது தானாகவே அணைந்துபோயிற்று.

அவர் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார்.

"சார், இங்க கரண்ட் இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"இது ஏரிக்கரை சார்."

"நான் இடத்தக் கேக்கலய்யா. காரணத்தக் கேக்கறேன்."

படக்காரருக்குக் காரணம் தெரியவில்லை. "என் போன்லயே ஒரு படம் எடுத்து அனுப்பட்டுங்களா சார்? விரிசல் நல்லாத் தெரியுது."

"உங்க போன் நம்ம சொத்துப் பதிவேட்டுல இருக்கா?"

"இல்லிங்க சார்."

"அப்ப அதுல தெரியற விரிசல் உங்களோடது. துறையோடது இல்ல. எழுத்துல கேளுங்க, ஏற்பாடு பண்றோம்."

எழுத்தில் கேட்டார். என்ன வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். திறந்தவெளிக் கல்யாணங்களில் ஒரு லாரி பேட்டரியையும் ஒரு சின்ன இன்வெர்ட்டரையும் வைத்துக்கொண்டு கேமரா, கணினி, விளக்கு எல்லாவற்றையும் நாள் முழுக்க ஓட்டியவர் அவர். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று, இன்வெர்ட்டர் ஒன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற சோலார் தகடு ஒன்று என்று மூன்றே வரியில் எழுதினார். மூன்று பொருளும் மூன்று பிரிவின் கீழ் வந்ததால், கடிதத்தை மூன்றாகக் கிழித்து மூன்று பிரிவுக்கும் அனுப்பினார்கள்.

நான்காம் நாள் சோலார் தகடு வந்தது. கூடவே ஸ்டோர்க்காரரும் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. மரப்பெட்டியின் மீதிருந்த அரக்கு முத்திரையை அவரே உடைத்தார். படக்காரர் ஆவலோடு தகட்டைத் தூக்கி வெயிலில் சாய்த்துவைத்தார். ஸ்டோர்க்காரர் பதறிப்போய் ஓடிவந்து குடையை விரித்து அதன்மேல் பிடித்தார்.

"என்னய்யா வேலை பண்றீங்க? வெயில் படுதே!"

"சோலார் தகடுங்க சார் இது. வெயில் பட்டாத்தான்..."

"அது எனக்கும் தெரியும். ஸ்டோர்ல இருந்து போற எந்த மின்சாதனமும் வெயில்லயும் மழையிலயும் இருக்கக் கூடாது. விதி பதினேழு. நிழல்ல வச்சு என்ன வேணா பண்ணிக்குங்க, நான் தலையிட மாட்டேன்."

"நிழல்ல ஒண்ணும் பண்ணாதுங்க சார்."

ஸ்டோர்க்காரர் அவரைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, நான் ரிட்டயர் ஆக இன்னும் ஏழு மாசம். முப்பத்தோரு வருஷத்துல என் ஸ்டோர்ல ஒரு பொருள் பழுதானதில்ல. ஏன்னு கேளுங்க."

"ஏங்க சார்?"

"ஒண்ணயும் யாரும் உபயோகிக்க விட்டதில்ல."

சாயங்காலம் வரைக்கும் ஸ்டோர்க்காரர் குடையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். சூரியன் நகர நகர அவரும் நகர்ந்தார். தன்மேல் வெயில் அடிப்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை. வாத்துக்காரி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அதுக்கு உடம்பு சரியில்லையாண்ணே?" என்று படக்காரரிடம் விசாரித்தாள். ஆறு மணிக்குத் தகட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து முத்திரையிட்டுக்கொண்டு ஸ்டோர்க்காரர் கிளம்பினார். சோலார் தகடு களத்தில் பரிசோதிக்கப்பட்டது, மின்சாரம் வரவில்லை என்று அவர் எழுதிய குறிப்பில் ஒரு பொய்கூட இல்லை.

விரிசல் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முதல் நாள் விரல் போன இடத்தில் இப்போது உள்ளங்கை போயிற்று.

ஆறாம் நாள் பேட்டரி வந்தது. அது துறையின் முதல் நடமாடும் மின்கலம் என்பதால் இயக்குநரே நேரில் வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. மூன்று வண்டிகள் வந்தன. கரைமேல் துணிப்பந்தல் போட்டார்கள். மேஜையில் பேட்டரியை வைத்து, அதற்கு மாலை போட்டார்கள். கீழ்வீடுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும் ஒரு மைக்கும் வந்திருந்தன. அவற்றுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று படக்காரர் யோசிக்கும்போதே, மைக்காரர் வயரை எடுத்துப் பேட்டரியில் மாட்டினார்.

"சார், அது கேமராவுக்கு..." என்றார் படக்காரர்.

"உஷ்" என்றார் மேற்பார்வையாளர். "சார் பேசப் போறார்."

இயக்குநர் ஒரு மணி இருபது நிமிடம் பேசினார்.

"நமது துறை எந்தக் காலத்திலும் அவசரப்பட்டதில்லை" என்று அவர் ஆரம்பித்தார். "வேறு சில துறைகளில், விரிசல் என்று யாராவது சொன்னால் போதும், மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அடைத்துவிடுகிறார்கள். நான் கேட்கிறேன், அந்த விரிசல்கள் எல்லாம் இன்று எங்கே? ஒன்றுக்காவது சான்று உண்டா? இல்லை! அடைத்தே அழித்துவிட்டார்கள்! நான் பொறுப்பேற்ற இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு விரிசல்கூடச் சான்று இல்லாமல் அடைக்கப்பட்டதில்லை. இன்னும் சொல்லப்போனால், ஒரு விரிசல்கூட அடைக்கப்பட்டதில்லை என்பதை இந்த நேரத்தில் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

மேற்பார்வையாளர் கைதட்டினார். நாற்காலியில் இருந்தவர்களும், இதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று தட்டினார்கள்.

பேச்சின் கடைசிப் பகுதியில் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 'மக்களின் உயிரே எங்கள்' என்பதோடு ஒலிபெருக்கி நின்றுவிட்டது. மிச்சத்தை இயக்குநர் கையசைவிலேயே சொல்லி முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். இறங்கிய கால் நேராக விரிசலுக்குள் போயிற்று. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, ஷூ வரவில்லை.

வாத்துக்காரி முன்னால் வந்தாள். "சார், அதான் சார் விரிசல்."

"எதும்மா?"

"உங்க ஷூ போன இடம் சார்."

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். "நான் பாக்கலம்மா. நான் பாத்துட்டா நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். சான்று வர்றதுக்கு முன்னாடி நடவடிக்கை எடுத்தா அது அதிகார துஷ்பிரயோகம். உங்க நல்லதுக்குத்தான் நான் கீழயே குனிஞ்சு பாக்கல, புரியுதா?"

ஒற்றை ஷூவோடு நிமிர்ந்த நடையாகப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். படக்காரர் பேட்டரியைக் கணினியில் மாட்டியபோது, அதோடு வந்திருந்த இன்வெர்ட்டர் மூன்று தடவை கீச்சிட்டுவிட்டு ஓய்ந்தது. அவர் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் வாத்துக்காரியின் தம்பி வந்தான். முப்பது வயதிருக்கும். சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்துச் சூளைக்குச் செங்கல் ஏற்றுகிறவன். மழையில் சூளை அணைந்திருந்ததால் டிராக்டர் சும்மா நின்றது.

"படம் போனா உத்தரவு வந்துடுமாண்ணே?"

"வரணும்."

"அப்ப என் டிராக்டர் பேட்டரியக் கழட்டித் தரேன். வச்சுக்குங்க."

துறையின் இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு திருப்பி எடுத்துப்போய்விட்டார்கள். மறுநாள் படக்காரர் தன் பழைய கடைச் சாமான்களைக் கிளறி, சொந்த இன்வெர்ட்டரை எடுத்துவந்தார். டிராக்டர் பேட்டரியில் மாட்டி, வயரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கேமரா கண் திறந்தது. கணினி மிச்சமிருந்த இரண்டு சதவீதத்தையும் புதுப்பித்துக்கொண்டு வணக்கம் சொன்னது. விரிசலின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். திரையில் விரிசல் அப்பட்டமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அனுப்பு என்று அழுத்தினார். 'மின் இணைப்பு எண்ணை உள்ளிடுக' என்றது கணினி. பன்னிரண்டு கட்டங்கள். காலியாக விட்டால் நகர மறுத்தது. பூஜ்யமாகப் போட்டால், அப்படி ஓர் இணைப்பு இல்லை என்றது. மேற்பார்வையாளரைக் கேட்டார்.

"எண் இல்லாத கரண்ட் எதுய்யா? திருட்டுக் கரண்டா?"

"டிராக்டர் பேட்டரிங்க சார்."

"டிராக்டருக்கு எண் இருக்குமே?"

"அது வண்டி எண் சார். நாலு எழுத்து, ஆறு எண்தான். இது பன்னிரண்டு கேக்குது."

"அப்ப பன்னிரண்டு எண் உள்ள கரண்ட்டா பாத்து எடுங்க."

படக்காரர் வெகுநேரம் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுதான். மாதாமாதம் வீட்டு மின்கட்டணம் கட்டுகிற எண். அதைப் போட்டார். 'பதிவு ஏற்கப்பட்டது. உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்' என்று வந்தது. வாத்துக்காரி கையைத் தட்டினாள். தம்பி ஓடிப்போய்க் கீழ்வீடுகளில் செய்தியைச் சொன்னான். சட்டிபானைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

துறை இந்தத் தடவை சொன்னபடி உடனடியாகவே நடவடிக்கை எடுத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் படக்காரரின் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, நம்ம வீட்டுக்கு ஏழு பேர் வந்திருக்காங்க. விரிசல் எங்கன்னு கேக்கறாங்க."

"எந்த விரிசல்?"

"அதத்தான் நானும் கேட்டேன். சமையக்கட்டு சுவத்துல அலமாரிக்குப் பின்னாடி முடி மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதக் கண்டுபிடிச்சு ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்கறாங்க. வீட்ட உடனே காலி பண்ணணுமாம். கரை எந்த நேரமும் உடையுமாம். எந்தக் கரைங்க?"

"அவங்ககிட்ட சொல்லு, அது ஏரி..."

"சொன்னேன். ஏரி எங்கன்னு பாத்தாங்க. பின்பக்கத் தண்ணித்தொட்டியக் காட்டி, 'பாருங்க, நிரம்பி இருக்கு'ன்னு எழுதிக்கிட்டாங்க. என்னையும் பொண்ணையும் வேன்ல ஏத்திட்டாங்க. பள்ளிக்கூடத்துல முகாமாம், அங்க போறோமாம். ரொம்ப மரியாதையாத்தான் நடத்தறாங்க."

அடுத்த போன் மேற்பார்வையாளருக்கு. "சார், விரிசல் இங்க இருக்கு. என் வீட்டக் காலி பண்ணிட்டாங்க சார்."

"நீங்க குடுத்தது பொய்யான எண்ணா?"

"எண் உண்மைதாங்க சார்."

"எண் உண்மைன்னா விரிசலும் அங்கதானய்யா இருக்கணும். ஒரே நாள்ல ஒரு குடும்பத்தக் காப்பாத்திருக்கோம். ஒரு நன்றிகூடக் கிடையாதா?"

படக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகப் போனில் கத்தினார். என்ன கத்தினோம் என்று பிறகு அவருக்கே ஞாபகமில்லை. ஆனால் அது வேலை செய்தது. மேற்பார்வையாளர் மிரண்டுபோய் இயக்குநரிடம் பேசி, கரைக்கென்று ஒரு தற்காலிக எண் வாங்கிக்கொடுத்தார். படம் எதையும் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் பழைய முகவரிக்கே போகும். மறுநாள் சரியாக மூன்று மணிக்கு இயக்குநர் தன் அறையிலிருந்து நேரடியாகத் திரையில் பார்ப்பார். அவர் பார்க்கிற நிமிடத்திலிருந்துதான் பதிவாகும். பார்த்ததும் வெளியேற்ற உத்தரவில் கையெழுத்திடுவார் என்று ஏற்பாடாயிற்று.

"காலைலருந்து எல்லாம் ஓடிட்டே இருக்கணும்" என்றார் மேற்பார்வையாளர். "நடுவுல ஒரு நொடி அணைஞ்சாலும் தற்காலிக எண் செத்துடும். திரும்ப வாங்க ஒரு மாசம் ஆகும்."

ஒன்பதாம் நாள். காலை எட்டு மணிக்கே படக்காரர் எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மழை தூறியது. கணினிமேல் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். பேட்டரி தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்றரை மணி வரைக்கும் தாராளமாகத் தாங்கும்.

ஒன்றே முக்கால் மணிக்குக் கரையின் கீழ்ப்பக்கத்திலிருந்து வாத்துக்காரி கூப்பிட்டாள். வெளிச்சரிவில், நடுவயிற்றில், தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"காலைல தெளிவா வந்துச்சுண்ணே. இப்பக் கலங்கலா வருது."

கலங்கல் என்றால் உள்ளேயிருந்து மண் கரைகிறது என்று அர்த்தம். அது தெரிந்துகொள்ள எந்தக் கேமராவும் தேவையில்லை. படக்காரர் போன் செய்தார்.

"சார், இப்பவே பாக்கச் சொல்லுங்க சார். கரை போகப்போகுது."

"சார் சாப்பிடப் போயிருக்கார். மூணுன்னா மூணு."

"சார், நாப்பத்தோரு வீடு சார்!"

"அதுக்குத்தான்யா மூணு மணிக்குப் பாக்கறோம்னு சொல்றேன்."

வாத்துக்காரி அதற்குள் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தாள். நடக்க முடிந்தவர்கள் மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். சிலர் வாசலிலேயே தயங்கினார்கள். உத்தரவு இல்லாமல் போனால் மனை போய்விடுமே என்றார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நடக்க முடியாதவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். பிள்ளை பெற்று நான்கு நாளான ஒருத்தி, சூளையில் செங்கல் சரிந்து கால் ஒடிந்த ஒருவர், எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்த கிழவர்கள். தம்பி டிராக்டரைத் தள்ளிக் கிளப்பப் பார்த்தான். எட்டுப் பேர் தள்ளியும் சக்கரம் சேற்றில் அழுந்தியதே தவிர உருளவில்லை. அவன் கரையேறி ஓடிவந்தான். தலை முதல் கால் வரை சேறு.

"அண்ணே, பேட்டரி."

மணி இரண்டு பத்து.

படக்காரர் திரையைப் பார்த்தார். விரிசலின் ஓரத்தில் ஒரு சின்ன மண்கட்டி உடைந்து உள்ளே விழுவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. இருபது வருஷத்தில் இவ்வளவு தெளிவான படம் அவருக்கு அமைந்ததில்லை. இதைப் பிடுங்கினால் மூன்று மணிக்கு ஒன்றும் இருக்காது. உத்தரவு இருக்காது. நாற்பத்தொரு மனையும் போகும். அவர்கள் வீட்டைத் தாங்களே விட்டுவிட்டுப் போனவர்களாக ஆவார்கள். இவையெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடி முடிவதற்குள் கை போய் இணைப்பைப் பிடுங்கிவிட்டது. திரை கறுத்தது.

ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கினார்கள். டிராக்டர் முதல் திருகலிலேயே உறுமியது. மேட்டுக்கு மூன்று நடை போனார்கள். மூன்றாவது நடையில் கடைசிக் கிழவரை ஏற்றி மேட்டின் பாதியில் இருக்கும்போது, பின்னால் ஒரு பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். இடி முழக்கமெல்லாம் இல்லை. திரும்பிப் பார்த்தபோது கரையில் ஒரு வாசல் திறந்திருந்தது. தண்ணீர் அவசரமில்லாமல், பழுப்பாக, உயரமாக நடந்துவந்து வீடுகளின்மேல் ஏறியது. முக்காலி ஒரு தடவை தலைகீழாகத் தெரிந்துவிட்டுக் காணாமல் போனது. வாத்துகளில் பாதியைக் காணவில்லை. மனிதர்களை எண்ணினார்கள். இரண்டு தடவை எண்ணினார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

சரியாக மூன்று மணிக்கு மேற்பார்வையாளரின் போன் வந்தது.

"என்னய்யா, படம் கறுப்பா இருக்கு?"

"கரை போயிடுச்சு சார்."

"நான் படத்தக் கேக்கறேன்."

பன்னிரண்டு நாள் கழித்து விசாரணை. மேட்டில் இருந்த ஒரு மூடிய கிடங்கில் நாற்பத்தொரு குடும்பங்களும் தார்ப்பாயை விரித்துக் கிடந்தன. படக்காரரின் மனைவியும் மகளும் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள்; நேரத்துக்கு நேரம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, மருத்துவர் வந்து நாடி பார்த்தார். அந்தப் பொட்டலங்களைப் படக்காரர் முதல் நாள் கேட்டு வாங்கி மேட்டுக்கு எடுத்துப்போனார். அவற்றில் பயனாளி பெயர் அச்சிட்டிருந்ததால் அது முறைகேடு என்று இரண்டாம் நாளே தடுத்துவிட்டார்கள்.

விசாரணை அறையில் குளிர்சாதனம் ஓடியது. சுவரில் பெரிய திரை. அதில் ஏரிக்கரையின் படம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கரை முழுசாக, மேலே புல்லோடு, அதற்கு மேலே நீல வானத்தோடு இருந்தது.

"இந்தக் கரை எங்கயாவது உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார் இயக்குநர்.

"அது போன வருஷம் ஆண்டறிக்கை அட்டைக்கு எடுத்த படங்க சார்."

"அதுக்கப்புறம் நம்ம பதிவுல கரையோட படம் வேற ஏதாவது இருக்கா?"

"இல்லிங்க சார்."

"ஏன் இல்ல?"

"நான் பேட்டரியக் கழட்டிட்டேன் சார். ஆளுங்களத் தூக்கிட்டுப் போக டிராக்டருக்கு வேணும்னு..."

"ஆக, சான்று இல்லாம போனதுக்கு நீங்க பொறுப்பு. சான்று இல்லாம உடைஞ்சதுன்னு சொல்றதால, வதந்திக்கும் நீங்கதான் பொறுப்பு." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்க பக்கமே வரேன். ஆள் சேதம் எத்தன?"

"ஒருத்தர்கூட இல்லிங்க சார்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அவர் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். "நாப்பத்தோரு வீட்டுக்கு மேல இருக்கற கரை. அது உடைஞ்சா ஒருத்தர்கூடச் சாகாம இருப்பாங்களா? இவர் வாக்குமூலமே கரை உடையலங்கறதுக்குச் சான்று. நாம யாரையும் தண்டிக்கற துறை இல்ல. 'கரை முழுமையாக உள்ளது, மக்கள் சொந்த விருப்பத்தில் இடம்பெயர்ந்தனர்'னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டுட்டா வேலையில தொடரலாம்."

மேற்பார்வையாளர் காகிதத்தை நகர்த்தினார். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். படக்காரர் அந்த வரியைப் படித்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"முடியாதுங்க சார்."

அறையில் யாரும் கோபப்படவில்லை. மேற்பார்வையாளர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எழுதினார். "கையெழுத்து இடாதது மௌன சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று படித்துக் காட்டினார்.

"நான் மௌனமா இல்லியே சார். முடியாதுன்னு சொன்னேன்."

"சொன்னது எங்கய்யா பதிவாயிருக்கு?"

வெளியே வராந்தாப் படியில் வாத்துக்காரியும் தம்பியும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

படக்காரர் வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நடக்கப் பார்த்தார். அவள் முன்னால் வந்து நின்றுகொண்டாள். அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை.

"கரை உடையலைன்னு சொல்றாங்கம்மா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் கலைந்திருந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். பிறகு, அலுவலகத்தில் ஒரு சந்தேகம் கேட்கிற அதே மரியாதையான குரலில் கேட்டாள்:

"அப்ப நாங்க வீட்டுக்குப் போலாங்களாண்ணே?"